முக்திநாத்துக்கு ஒரு சிறிய பை

ஏப்ரல் 15, 2024, திங்கள் – காத்மாண்டு

இன்று மாலை விடுதியின் வரவேற்பறையில், நேபாள இமயமலையில் உள்ள முக்திநாத் பெருமாளைச் சேவிக்கப் போகும் எங்கள் கோஷ்டியின் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தொங்குதராசில் ஏறி இறங்கின. போக்ராவிலிருந்து, முக்திநாத்துக்கு அருகிலுள்ள ஜோம்சோமுக்குப் பறக்கும் சிறிய விமானத்தில் ஒருவருக்குப் பெட்டி 10 கிலோ, கைப்பை 5 கிலோ, அதற்கு மேல் அனுமதி இல்லை என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் 20 கிலோவுக்குக் குறைந்த பெட்டியைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அறுபதைத் தாண்டியவர்கள் வெளிநாட்டு யாத்திரைக்குக் கிளம்பும்போது பயம்தான் பெட்டியை நிரப்புகிறது. சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும், குளிர் தாங்காவிட்டால் என்ன செய்வது என்று மூன்று ஸ்வெட்டர்களும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை ஒன்றும், மருந்து கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு சிறு மருந்துக்கடையும் உள்ளே போகின்றன. அந்தப் பயத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. அதில் எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துப் பார்க்க யாரும் உட்கார்ந்து உதவுவதில்லை என்பதே என் வருத்தம்.

என் பை 7 கிலோ. உடுத்தியிருப்பது தவிர இரண்டு சுடிதார்கள், அவற்றில் ஒன்று தீர்த்தமாடுவதற்கென்றே எடுத்துக்கொண்ட, சீக்கிரம் உலரும் மெல்லிய துணி; உடம்போடு ஒட்டிக்கொள்ளும் தெர்மல் உள்ளாடை ஒரு ஜோடி; ஒரு கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றை மறிக்கும் ஜாக்கெட்; கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, குல்லா, கையுறை, மெல்லிய துண்டு. கனமான ஒரே உடையைவிட இப்படி அடுக்கடுக்காக அணிவது எடையும் குறைவு, வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும். ஒரே வேலைக்கு இரண்டாவதாக எடுத்து வைத்ததைத்தான் நான் நீக்கினேனே தவிர, குளிருக்கு வேண்டிய எதிலும் கை வைக்கவில்லை. உயரத்தில் குளிரோடு பேரம் பேச முடியாது.

அக்கா என் பேச்சுக்கு எல்லாவற்றிலும் இணங்கினாள், ஒன்றைத் தவிர. "முக்திநாதர் சந்நிதியில ஒன்பது கஜம்தான் கட்டிப்பேன், அதுவும் பருத்தி" என்று சொல்லிவிட்டாள். ஈரமானால் அந்தப் புடவை இரண்டு கிலோ கனக்கும், குளிரில் காயாது என்றேன். "நீ தூக்கிக்கோ" என்றாள். தூக்கிக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

மதியம் புடாநீலகண்டம் சென்று, நீருக்கு நடுவே ஆதிசேஷன்மேல் பள்ளிகொண்ட கருங்கல் பெருமாளைச் சேவித்தோம். வழியில் பணம் மாற்றினோம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்தியத் தாள்கள் இங்கே செல்லாது என்று அப்போது விதி இருந்ததால் நூறு ரூபாய்க் கட்டுகளாகவே கொண்டுவந்திருந்தோம். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். செலவுப் பணமும் ஒரு சுமைதான் என்று பையின் உள்ளறையைத் தொட்டுப் பார்த்தபோது தெரிந்தது.

ஏப்ரல் 16, செவ்வாய் – போக்ரா

காத்மாண்டுவிலிருந்து 200 கிலோமீட்டர்தான், ஆனால் சாலையை அகலப்படுத்தும் வேலை நடப்பதால் நாள் முழுவதும் பேருந்திலேயே கழிந்தது. காட்டுத் தீயின் புகை பள்ளத்தாக்கை மூடிக் கிடக்கிறது. பேவா ஏரிக்கரையில் நின்றும் அன்னபூர்ணா மலைத்தொடரின் நிழல்கூடத் தெரியவில்லை, கண் எரிச்சல்தான் மிச்சம்.

இரவு ஒவ்வொருவரும் பெரிய பெட்டியை விடுதியில் விட்டுவிட்டு, மலைக்கு வேண்டியதை மட்டும் சிறிய பையில் எடுத்து வைக்க வேண்டும் என்று அமைப்பாளர் சொன்னார். பாதிப்பேர் செய்தார்கள். மற்றவர்கள் அதிகப்படியான எடைக்குப் பணம் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 17, புதன் – மார்பா

விடியும் முன்பே விமான நிலையத்தில் காத்திருந்தோம். புகையால் எதிரே எதுவும் தெரியவில்லை என்று விமானங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் முற்பகல் தாண்டினால் காற்று பலமாக வீசத் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு ஜோம்சோமில் விமானம் இறங்காது. ஒன்பதரை மணிக்கு எல்லாம் ரத்து என்று அறிவித்தார்கள். இருபது நிமிடத்தில் கடந்திருக்க வேண்டிய தூரத்தை ஜீப்பில் கடக்கக் கிளம்பினோம்.

பேனி வரை தார்ச்சாலை. அதற்குப் பிறகு ஆற்றை ஒட்டிய மலைவிளிம்பில் கல்லும் புழுதியுமாக வண்டி ஊர்ந்தது. கூரைமேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிய பெட்டிகள் ஒவ்வொரு பள்ளத்திலும் எழும்பி விழுந்தன. தாதோபானியில் டீக்கு நின்றோம், ஒரு டம்ளர் 50 நேபாள ரூபாய். இன்று ராமநவமி என்பதை யாரும் மறக்கவில்லை. எங்களில் ஒரு மாமி பொடித்த வெல்லத்தையும் சுக்கையும் ஏலக்காயையும் ஒரு சிறு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். டீக்கடைக்காரரிடம் பாத்திரம் வாங்கி, அங்கேயே பானகம் கரைத்து நிவேதனம் செய்து, கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் கொடுத்தார். கால் கிலோவுக்கும் குறைவான அந்த டப்பா வழியெல்லாம் யாருக்கும் பாரமாக இருந்திருக்காது.

காசா என்ற சிற்றூரைத் தாண்டிய பின் வண்டி நின்றுவிட்டது. மேலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து சாலையை அடைத்திருந்தன, இயந்திரம் வந்து அகற்ற மறுநாள் ஆகும் என்றார்கள். சரிவுக்கு மறுபக்கம் வேறு ஜீப்புகள் நின்றன. நடந்துபோய் அவற்றில் ஏறிக்கொள்ளலாம். ஒரு கிலோமீட்டர் நடை இருக்கும், எல்லாம் உருளைக்கல்.

நான் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் அக்காவைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன். உருளைகள் வைத்த பெட்டிகளுக்கு அங்கே வழியே இல்லை. இரண்டு அடி இழுத்தால் கல்லில் சிக்கி நின்றன, ஒன்றின் சக்கரம் பிய்ந்தே போனது. பக்கத்துக் கிராமத்துப் பையன்கள் வந்தார்கள். ஒரு பெட்டிக்கு 300 நேபாள ரூபாய். எங்களோடு வந்தவனுக்குப் பதினேழு வயது இருக்கலாம். இரண்டு பெட்டிகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி முதுகில் ஏற்றி, கயிற்றோடு இணைந்த அகலமான பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, கழுத்தை முன்னால் குனித்து, ரப்பர் செருப்புக் காலோடு கிளம்பினான். மறுபக்கம் இறக்கி வைத்தபோது அவன் நெற்றியில் பட்டை அழுத்திய இடம் விரல் அகலத்துக்குச் சிவந்து பள்ளமாக இருந்தது. இரண்டும் சேர்ந்து 40 கிலோவுக்குக் குறையாது. அவற்றில் ஒன்றுக்கு உரிய பெரியவர், ஜோம்சோமில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று, பொன்னி அரிசியே கொண்டுவந்திருந்தார். பையன் மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே ஐந்நூறு ரூபாயாகக் கொடுத்தார், தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தார், அதற்குப் பிறகு மார்பா வரும்வரை பேசவில்லை.

பையைச் சிறிதாகக் கட்டுவது என் வசதிக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மலையில் நாம் தூக்க முடியாத சுமை நம்மோடு நிற்பதில்லை, அது வேறொருவர் கழுத்தில் போய் ஏறுகிறது. அந்தப் பையன்களுக்கு இது வருமானம் என்பதும் உண்மை, அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் 300 ரூபாய் கொடுத்தோம், கணக்கு தீர்ந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இரவு எட்டரைக்கு மார்பா. 2,670 மீட்டர் உயரம். வெள்ளையடித்த கல்வீடுகள், கற்பலகை பாவிய குறுகலான தெரு. விடுதியை நடத்தும் தகாலி இனத்து அம்மையாரை எல்லோரும் தீதி (அக்கா) என்றே அழைக்கிறார்கள். வெங்காயம் பூண்டு சேர்க்காத உணவு வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவர் முகம் சுளிக்காமல் தனி அடுப்பில் உருளைக்கிழங்கு வதக்கி, பருப்பும் சாதமும் நெய்யும் வைத்து, தட்டு காலியாகக் காலியாக வந்து பரிமாறினார். 450 நேபாள ரூபாய்க்குக் கணக்கில்லாத சாதம். பொன்னி அரிசிப் பை பிரிக்கப்படாமலே இருந்தது.

ஏப்ரல் 18, வியாழன் – காக்பேனி

போக்ராவின் உயரம் ஏறத்தாழ 820 மீட்டர், முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேல். ஒரே மூச்சில் ஏறினால் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வரக்கூடும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இன்று மேலே போகாமல் 2,800 மீட்டரில் காக்பேனியில் தங்குகிறோம். விமானம் ரத்தானதால் உடம்புக்குக் கிடைத்த அவகாசம் இது. உயர நோய்க்கான மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வந்தவர்கள் சிலர். கையோடு ஆக்சிஜன் குப்பி நான்கு கொண்டுவந்தவரும் இருக்கிறார். கோஷ்டிக்குப் பொதுவாக ஒன்றிரண்டு போதும். தலை சுற்றினால் கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம் என்று அமைப்பாளர் பொறுமையாக விளக்கினார்.

முற்பகல் பதினொன்றுக்குக் காற்று கிளம்பியது. தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் இடையிலுள்ள ஆழமான பள்ளத்தின் வழியாகத் தெற்கிலிருந்து வரும் காற்று, ஆற்றுமணலை வாரி முகத்தில் அறைகிறது. குடை விரித்தவர்களின் குடை முதல் வீச்சிலேயே கம்பி மடங்கிப் போயிற்று. வாயையும் மூக்கையும் மூட முகக்கவசமும், கண்ணுக்கு ஓரம் மறைத்த கண்ணாடியும் இருந்தவர்கள்தான் ஆற்றங்கரை வரை போக முடிந்தது.

காக்பேனியில் காளி கண்டகியோடு முக்திநாத்திலிருந்து வரும் சிற்றாறு கலக்கிறது. காற்று கிளம்பும் முன்பே ஆண்கள் அங்கே பித்ரு தர்ப்பணம் முடித்துவிட்டார்கள். எள்ளும் தர்ப்பையும் பொட்டலமாக வந்திருந்தன, பிண்டத்துக்கான மாவை விடுதியில் வாங்கிக்கொண்டார்கள். பிறகு எல்லோரும், பெருமாளாகவே பூஜிக்கும் சாளக்கிராமக் கற்களைத் தேடக் குனிந்தோம். ஜுராசிக் காலத்தில் இங்கே இருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் உயிரினங்களின் படிவங்கள் இவை. கடல்தளம் உயர்ந்து மலையானபோது கல்லோடு கல்லாக மேலே வந்து, ஆற்றில் உருண்டு கருத்து வழவழப்பாகின்றன. உடைந்த ஒன்றின் உள்ளே சுருள் சுருளாக வரிகள், அதைச் சக்கரமாகவே பார்த்தோம். இந்த அறிவியலைக் கேட்டதால் என் பக்தி ஒரு துளியும் குறையவில்லை. அந்தச் சக்கரம் எத்தனை பழையது என்று தெரிந்த பிறகு கையில் எடுக்கும்போது இன்னும் நடுக்கமாக இருந்தது.

நான் எலுமிச்சம்பழ அளவில் ஒன்று எடுத்துக்கொண்டேன். சிலர் துணிப்பை நிறைய எடுத்தார்கள்.

ஏப்ரல் 19, வெள்ளி – முக்திநாத்

ஏகாதசி. அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது வழக்கம், இந்த உயரத்தில் அது கூடாது என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பாலும் மார்பா ஆப்பிளும் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்தோம். ஐந்தரைக்குக் காக்பேனியில் கிளம்பிய ஜீப் ராணிபவாவில் இறக்கிவிட்டது. சாலையோரத் தண்ணீர் கண்ணாடித் தகடாக உறைந்திருந்தது. அங்கிருந்து கோயில்வரை ஏற்றம், பிறகு படிகள். குதிரைக்கு 800 நேபாள ரூபாய் கேட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறிக்கொண்டார்கள். நாங்கள் இருபது அடிக்கு ஒருமுறை நின்று நின்று நடந்தோம். என்னிடம் இருந்தது மாற்றுத்துணியும் துண்டும் அக்காவின் புடவையும் அடங்கிய சிறு பை மட்டுமே. அதுவே அந்த உயரத்தில் தோளை இழுத்தது.

பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் சாளக்கிராமத்தைப் பாடியிருக்கிறார்கள். அந்தத் திவ்ய தேசமாகவே நாம் இதைச் சேவிக்கிறோம். பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலம், சந்நிதியில் கைங்கரியம் செய்பவர்களில் பௌத்தத் துறவுப் பெண்கள் உண்டு. கோயிலின் பின்புறச் சுவரில் வளைவாக 108 உலோக வாய்கள், ஒவ்வொன்றிலிருந்தும் பனி உருகிய நீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. குனிந்து தலையை நீட்டி ஒவ்வொன்றின் அடியிலும் புகுந்து நகர வேண்டும். முதல் பத்துத் தாரைகளில் தலைக்குள் ஊசி குத்துவதுபோல் வலித்தது, அதற்குப் பிறகு வலியும் தெரியவில்லை, காதில் நீரின் சத்தமும் வாயில் நாராயண நாமமுமே இருந்தன. இதய நோயாளிகள் கையில் தீர்த்தம் ஏந்தித் தலையில் புரோக்ஷணம் செய்துகொண்டார்கள், அதுவே போதும். முன்னால் உள்ள இரண்டு குளங்களிலும் முழுகி எழுந்தபோது விரல்கள் மடங்கவில்லை.

அக்கா ஒன்பது கஜத்தோடு 108 தாரைகளையும் கடந்து வந்தாள். தகரத் தடுப்பு அடித்த உடைமாற்றும் இடத்துக்கு வெளியே நின்று நாங்கள் புடவையைப் பிழிய முயன்றோம். என் கைக்குப் பிடி நிற்கவில்லை. அரக்கு நிற உடையும் மழித்த தலையுமாக அந்தப் பக்கம் வந்த துறவுப் பெண் ஒருவர், ஒன்றும் கேட்காமல் புடவையின் மறுமுனையை வாங்கினார். மூன்றாக மடித்து, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, தன் உடம்பின் எடையைப் பின்னால் சாய்த்து முறுக்கினார். நீர் தாரையாகக் கொட்டி அவர் பாதமெல்லாம் நனைந்தது. இரண்டு முறை அப்படிச் செய்து, சதுரமாக மடித்து அக்காவின் கையில் வைத்துவிட்டு, சிவந்த கைகளைத் தன் அங்கிக்குள் செருகிக்கொண்டு சந்நிதிக்குப் போனார். சற்று நேரத்தில் நாங்கள் உள்ளே போய்ச் சேவித்தபோது தீர்த்தம் கொடுத்தவர் அவர்தான். அக்கா நெடுநேரம் கைகூப்பி நின்றாள், பெருமாளுக்கு மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றியது.

ஜ்வாலா மாயி கோயிலில் பாறையிடுக்கில் இயற்கை எரிவாயுவால் நீலமாக எரியும் சிறு சுடரையும் கண்டுவிட்டு இறங்கினோம். ஈரப்புடவையைச் சொன்னபடி நான்தான் தூக்கினேன். ராணிபவாவில் டீக்கடைக்காரரிடம் கேட்டுக் கொடிக்கயிற்றில் போட்டு, பறக்காமல் ஓரங்களைக் கவ்விகளால் பிடிக்க வைத்தோம். முக்திநாத் இருக்கும் மஸ்டாங் மாவட்டம் மழை மறைவுப் பகுதி, காற்றில் ஈரமே கிடையாது. பத்து மணிக்கு மேல் காற்றும் வெயிலும் சேர்ந்ததில் ஒன்றரை மணி நேரத்தில் அந்தப் பருத்தி மொடமொடவென்று காய்ந்துவிட்டது. இந்தப் பகுதிக்கு வருகிறவர்கள் உலராது என்ற பயத்தில் நான்கைந்து மாற்றுப் புடவை சுமக்க வேண்டியதில்லை, ஒன்றைத் துவைத்து ஒன்றை உடுத்தலாம்.

ஏப்ரல் 20, சனி – ஜோம்சோம், போக்ரா

ஏகாதசி விரதத்தை முடிக்கும் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரைக்கு எங்கே போவது? நான் கொண்டுவந்திருந்த நெல்லி வற்றல் சிறு பொட்டலம்தான், பத்துப் பேருக்குப் பங்கிட்டும் மிச்சம் இருந்தது. ஆறு மணிக்கு ஜோம்சோமில் விமானம் உண்டு என்றார்கள். வானம் தெளிந்து இமயத்தின் நீலகிரிச் சிகரம் ஓடுபாதைக்கு நேர் மேலே நின்றது.

எடை பார்க்கும் இடத்தில்தான் தாமதம். நேற்று முன்தினம் கண்டகியில் எடுத்த கற்கள் எல்லாப் பைகளிலும் இருந்தன. அங்கிருந்த இளைஞர் குரலை உயர்த்தவே இல்லை, முள்ளைக் காட்டி, எவ்வளவு கூடுதல் என்று மட்டும் சொன்னார். அரிசி கொண்டுவந்த பெரியவரின் பையில் கல் மட்டும் நாலரைக் கிலோ. "இவரை விட்டுட்டு வரச் சொல்றேளா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் ஓரமாக உட்கார்ந்து பையைக் கொட்டினார். அரிசி, இரண்டு ஸ்வெட்டர், ரஜாய், பிரிக்காத ஊறுகாய்ப் புட்டி எல்லாவற்றையும் எடுத்து, எங்களோடு வந்த ஜீப் ஓட்டுநரிடம் கொடுத்தார். அரிசியை மட்டும் மார்பா தீதியிடம் சேர்த்துவிடும்படி சொன்னார். பிறகு கற்களைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்து மறுபடி நிறுத்தார். முள் 10 கிலோவுக்கு உள்ளே நின்றது.

போக்ராவில் புகை சற்று விலகியிருக்கிறது. விடுதியில் விட்டுப் போன பெரிய பெட்டிகள் பூட்டியபடியே இருந்தன. நான்கு நாளாக அவற்றில் எதுவும் தேவைப்படவில்லை என்று ஒரு மாமி தன் மகளிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். மே மாதம் கிளம்பும் என் தோழிக்கு இன்றிரவே எழுத வேண்டும்: குடை வேண்டாம், அதன் இடத்தில் முகக்கவசமும் கழுத்துவரை மூடும் மப்ளரும், உருளைப்பெட்டி வேண்டாம், முதுகுப்பை, கையுறை இரண்டு ஜோடி, ஏனென்றால் தீர்த்தமாடும்போது ஒன்று கட்டாயம் நனையும், வெல்லம், சுக்கு, நெல்லி வற்றல் ஆகியவை சிறு டப்பாக்களில், பையில் 2 கிலோவுக்குக் காலி இடம், கண்டகியிலிருந்து வரப்போகிறவருக்காக.